காலையில் பயம், மதியத்துக்கு மேல் பாடம்: வழிபாட்டுத் தலங்களுக்கான ஒருநாள் அவசரகாலப் பயிற்சி

கோவையின் தென்பகுதியில், ஒரே தெருவில் முந்நூறு மீட்டருக்குள் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் ஒரு தேவாலயமும் அமைந்த குடியிருப்பு எங்களுடையது. மூன்றுக்கும் தனித்தனி நிர்வாகக் குழுக்கள் உண்டு. தெருவிளக்கு, சாக்கடை, திருவிழாக் காலத்து வண்டி நிறுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரு கூட்டு நலச் சங்கம் இருக்கிறது. அந்தச் சங்கத்தின் செயலாளராக நான் முன்னின்று ஏற்பாடு செய்த ஒருநாள் அவசரகாலப் பயிற்சியையும், அதனோடு சேர்த்து எங்களுக்கு விற்கப்பட்ட முதலுதவிப் பையையும் பற்றியது இம்மதிப்புரை. 40 பேருக்கான பயிற்சிக் கட்டணம் 22,000 ரூபாய். ஒரு பை 6,500 ரூபாய் வீதம், தலத்துக்கு ஒன்றாக மூன்று பைகள் வாங்கினோம். ஆக 41,500 ரூபாய் செலவு. மண்டப வாடகையும் சாப்பாடும் தனி. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே பயிற்சியை விற்பவர்கள் இப்போது பலர் இருப்பதால், எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதே வாசகருக்குக் கூடுதலாகப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

பயிற்சி வேண்டும் என்ற பேச்சு எங்கள் தெருவில் 2022 அக்டோபர் 23 அன்றே தொடங்கிவிட்டது. தீபாவளிக்கு முதல் நாள் விடியற்காலையில் உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயிலின் முன்னால் காரில் இருந்த எரிவாயு உருளை வெடித்ததும், காரில் வந்தவர் அங்கேயே இறந்ததும், வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனதும் எல்லோரும் அறிந்தவை. அதற்குப் பிறகு பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல்கள் வரத் தொடங்கின. அவை புரளி என்று பின்னர் தெரிந்தாலும், ஒவ்வொரு முறையும் பெற்றோர் கூட்டம் வாசலை அடைத்து நின்று, சோதனைக்கு வந்த காவலர்களே உள்ளே நுழையத் திணறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். ஏதாவது செய்ய வேண்டும் என்று மூன்று குழுக்களும் ஒப்புக்கொண்டன. வெள்ளிக்கிழமை ஜும்மா, ஞாயிறு ஆராதனை, செவ்வாய் அம்மனுக்கு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்ததில் இரண்டாம் சனிக்கிழமைதான் மிஞ்சியது.

காலை ஒன்பதரைக்குத் தொடங்கிய முதல் பகுதி முழுக்க முழுக்கத் திரையிடல். சீருடைப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற தலைமைப் பயிற்றுநர் நல்ல குரல் வளம் உடையவர். ஆனால் அவர் கொண்டுவந்திருந்ததில் பெரும்பகுதி கண்காணிப்புக் கேமராக் காட்சிகளும், ரத்தமும், பின்னணி இசையும்தான். இலங்கையில் 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சியோன் தேவாலயம், மூன்று பெரிய ஓட்டல்கள். குண்டுவெடிப்புகளில் 250-க்கும் மேற்பட்ட உயிர்கள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிட்டு, "இது நாளைக்கு இங்கே நடக்கலாம்" என்றார். அவ்வளவுதான். என்ன செய்யலாம் என்பதற்கு அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வரி கூட இல்லை.

எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய குடும்பம் கோவையை அடுத்த பூலுவப்பட்டி இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தது; தாய்வழி உறவினர்கள் இன்றும் மட்டக்களப்பில் வாழ்கிறார்கள். சியோன் தேவாலயத்தின் படம் திரையில் வந்ததும் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர் கொடுக்கப் போன என்னிடம் அவர் சொன்ன செய்தி, திரையில் ஓடிய எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. அந்த ஆலயத்தில் அன்று ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்றிருக்கிறார்கள். முன்பின் அறியாத ஒருவன் முதுகில் பையோடு வந்து ஆராதனை எப்போது என்று கேட்க, சபையைச் சேர்ந்த ஒருவர் அவனை உள்ளே விடாமல் வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். குண்டு வெளியே வெடித்தது. நிறுத்தியவரும் இறந்தார், முற்றத்துப் பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். ஆனால் உள்ளே நிறைந்திருந்த சபையின் பெரும்பகுதி பிழைத்தது. வாசலில் யார் நிற்க வேண்டும், அவர் புதியவரிடம் என்ன கேட்க வேண்டும், பிள்ளைகள் ஆராதனைக்கு முன் எங்கே நிற்கக் கூடாது என்ற மூன்று கேள்விகளும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள்ளேயே இருக்கின்றன. பயிற்றுநர் மூன்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

இலங்கை நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் உண்டு. தாக்குதல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து முன்கூட்டியே போயிருந்தது. அது மேசைக்கு மேசை நகர்ந்து, ஆலய வாசலில் நின்றவரின் காதுக்கு மட்டும் எட்டவில்லை. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இந்த அலட்சியத்துக்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உளவுத்துறையின் வேலையை நலச் சங்கம் செய்ய முடியாது. ஆனால் காவல் நிலையத்திலிருந்து ஒரு தகவல் வந்தால் அது மூன்று தலங்களின் வாசலுக்கும் எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்று கணக்குப் பார்ப்பது எங்களால் முடிகிற காரியம். பிற்பாடு நாங்களாகவே பார்த்தோம். முதல் முறை 50 நிமிடம் ஆயிற்று. பள்ளிவாசலின் தொலைபேசி எண் என்று எங்கள் ஏட்டில் இருந்தது, நான்கு ஆண்டுகளுக்கு முன் மாறிப்போன எண்.

காலைப் பகுதி முடியும் தறுவாயில் பள்ளிவாசல் செயலாளர் எழுந்தார். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றே அழைப்போம். எழுபதை நெருங்கியவர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "எல்லாப் படமும் பாத்தோமுங்க. நியூசிலாந்துல வெள்ளிக்கிழமை தொழுகையில நடந்துதுங்களே, அது மட்டும் வரலைங்க?" என்று கேட்டார். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரின் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைத்தான் அவர் கேட்டார். பயிற்றுநர் சற்றுத் தடுமாறி, "அது வேற வகைங்க" என்றார். மண்டபத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அவர் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் கருதவில்லை. எங்கோ ஒரே மதத்தவருக்கு என்று தயாரித்த படத்தொகுப்பை, மூன்று மதத்தவர் அமர்ந்திருக்கும் மண்டபத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காசு வாங்கிக்கொண்டு வருகிறவர், யார் முன்னால் பேசப் போகிறோம் என்று ஒருமுறை விசாரித்திருக்கலாம். பாய் கேட்ட நிகழ்ச்சியிலும் பாடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அங்கே அல் நூர் பள்ளிவாசலின் அவசரக் கதவு ஒன்று அன்று திறந்ததா, மின்பூட்டு தடுத்ததா என்பதை மரண விசாரணையில் தனிப் பொருளாகவே எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரு கதவு, ஒரு பூட்டு: எங்களுக்குத் தேவைப்பட்ட பாடம் அதுதான்.

வெளிநாட்டில் மதத்தின் பெயரால் நடக்கும் ஒடுக்குமுறையைப் பற்றிப் பயிற்றுநர் பேசிய விதத்திலும் எனக்குக் குறை உண்டு. பாகிஸ்தானில் அகமதியாக்கள், மியான்மரில் ரோஹிங்கியாக்கள், இராக்கில் யாசிதிகள் என எல்லோரையும் குண்டுவெடிப்புகளோடு ஒரே மூட்டையில் கட்டி, முடிவில் பையின் விலையைச் சொன்னார். 1974-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி அகமதியாக்களை முஸ்லிம்கள் அல்லர் என்று அறிவித்து, 1984-இல் அவசரச் சட்டம் போட்டு அவர்கள் தங்கள் தொழுமிடத்தைப் பள்ளிவாசல் என்று சொல்வதையே குற்றமாக்கியது பாகிஸ்தான் அரசு. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களை எல்லை தாண்டி வங்கதேசத்துக்கு ஓடச் செய்தது மியான்மர் ராணுவம். இவற்றுக்கு எதிராக முதலுதவிப் பையும் ஊதலும் என்ன செய்யும்? ஒடுக்கப்பட்டு ஓடிவந்தவருக்குத் தேவை இருக்க இடமும், பிள்ளைக்குப் பள்ளியும், கையில் ஒரு காகிதமும். அப்படி ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பவானிசாகரிலும் அரச்சலூரிலும் பூலுவப்பட்டியிலும் நம் கண்ணெதிரே இருக்கிறார்கள்; ஒருவர் அந்த மண்டபத்துக்கு வெளியேதான் அப்போது உட்கார்ந்திருந்தார்.

இந்த ஊருக்குப் பயத்தை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை. 1997 நவம்பர் இறுதியில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையும், அதையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்ததையும், 1998 பிப்ரவரி 14 அன்று நகரின் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்ததையும் நேரில் பார்த்தவர்கள் மண்டபத்தில் பாதிப் பேர் இருந்தோம். நான் அப்போது ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தச் சனிக்கிழமை மாலை ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு, உள்ளே ஓடிவந்தவர்களின் காயத்துக்குக் கட்ட முதலாளி புது வேட்டிக் கட்டைப் பிரித்துக் கொடுத்தார். கட்டத்தான் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. காயத்தின் மேலே சுற்றிச் சுற்றி, ரத்தம் ஊறிய பிறகு அவிழ்த்து, மறுபடியும் புதுத் துணி சுற்றினோம். அது எவ்வளவு தவறு என்பதை அந்த இரண்டாம் சனிக்கிழமை மதியம்தான், இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

மதியப் பகுதி தொடங்கும் முன்பே ஒரு சோதனை நடந்து முடிந்திருந்தது. அது சோதனை என்று எங்களுக்குத் தெரியாது. தேநீர் இடைவேளையில் மூன்றாம் வரிசை நாற்காலிக்கு அடியில் ஒரு மஞ்சப்பை கிடந்தது. கோயில் தர்மகர்த்தா அதைப் பார்த்து, "யாரோ போட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே எடுத்து, உள்ளே கையைவிட்டுத் தூக்குச்சட்டியைத் தட்டிப் பார்த்து, பத்திரமாகச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டார். அதற்கு முன் தேவாலயக் குழு உறுப்பினர் ஒருவர் அதையே ஒரு நாற்காலியிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு மாற்றி வைத்திருந்தாராம். பயிற்சிக் குழுவின் இளைஞர் கைப்பேசியில் எடுத்திருந்த காட்சியைக் காட்டியபோது மண்டபமே சிரித்தது, தர்மகர்த்தாவும் சிரித்தார். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடக்கூடாது, நகர்த்தக்கூடாது, மண்ணையோ தண்ணீரையோ கொட்டக்கூடாது, பக்கத்தில் நின்று கைப்பேசியில் பேசக்கூடாது, ஆட்களை விலக்கிவிட்டுத் தொலைவில் போய் 112-ஐ அழைக்க வேண்டும் என்பதெல்லாம் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் காலங்காலமாக ஒலிபெருக்கியில் கேட்டவைதான். கேட்டது கைக்கு வரவில்லை என்பதை அந்தத் தூக்குச்சட்டி காட்டியது. காலையில் ஒன்றரை மணி நேரம் காட்டிய படங்களைவிட அந்த ஒன்றரை நிமிடக் காட்சிக்கு நான் கூடுதலாகப் பணம் கொடுப்பேன்.

அடுத்து வந்தவர் ஆம்புலன்ஸில் பல ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு செவிலியர். ஐம்பது வயதிருக்கும்; எங்கள் பெரியவர்கள் உடனே அம்மிணி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அவர் திரையைத் தொடவே இல்லை. ஆளுக்கொரு வாழைத்தண்டுத் துண்டை மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அடியில் குளுக்கோஸ் குழாய். குழாய் வழியே சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் துடித்துத் துடித்து வந்தது. திருப்பூரிலிருந்து வந்த பனியன் கழிவுத் துணி ஒரு மூட்டை பக்கத்தில் இருந்தது. "பாத்துட்டே நிக்காதீங்க, அமுக்குங்க" என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். கை கால்களில் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். எவ்வளவு விரைவாக வந்தாலும் ஆம்புலன்ஸ் அதற்குள் வந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே பக்கத்தில் நிற்பவர்தான் முதல் மருத்துவர் என்றார். துணியை ஓட்டைக்குள் விரலால் திணித்து நிரப்பி, அதன் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து, முழங்கையை மடக்காமல் உடம்பின் எடையைக் கொடுத்து அமுக்க வேண்டும். ரத்தம் ஊறினால் பழைய துணியை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்கக் கையை எடுக்கவே கூடாது. ஜவுளிக் கடையில் நாங்கள் இதற்கு நேர் எதிராகத்தான் செய்தோம்.

டூர்னிகெட் என்னும் இறுக்குப்பட்டையை அவர் கடைசியாகத்தான் எடுத்தார். கைக்கும் காலுக்கும் மட்டும், அமுக்கியும் நிற்காத ரத்தத்துக்கு மட்டும், காயத்துக்கு நாலு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும் வரை குச்சியை முறுக்கிப் பூட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும். கட்டியதை ஆஸ்பத்திரி போகும் வரை தளர்த்தக் கூடாது. ஒவ்வொருவரும் மற்றவர் கையில் கட்டிப் பார்த்தோம். பள்ளிவாசல் இளைஞர் ஒருவர் என் கையில் முறுக்கிய முறுக்கில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வலிக்குதுன்னு சொன்னாத்தான் சரியாக் கட்டியிருக்கீங்கன்னு அர்த்தம்" என்றார் அம்மிணி. நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முறைக்கு அரை மணி நேரம்தான் கிடைத்தது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் என்பதை ஒரு பொம்மையை வைத்து 40 பேர் பழக முடியாது. இரண்டு பொம்மைகளாவது கொண்டுவந்திருக்க வேண்டும்.

மாலை நான்கு மணிக்கு, ஒத்திகையாக மண்டபத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். முன்வாசலை அடைத்துவிட்டதாகப் பாவித்துப் பின்வாசல் வழியே போக வேண்டும். பின்வாசலில் பூட்டு தொங்கியது. "சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குதுங்க" என்றார் மண்டபத்துக் கணக்குப்பிள்ளை. வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வந்து, சாவிக்கொத்தில் இருந்த இருபது சாவிகளில் சரியானதைத் தேடிப் பூட்டைத் திறந்தபோது 11 நிமிடங்கள் ஆகியிருந்தன. அதன் பிறகு குழுக் குழுவாக மூன்று வழிபாட்டுத் தலங்களுக்கும் நடந்துபோய்ப் பார்த்தோம். இந்தப் பயிற்சியின் உச்சம் இதுதான். தேவாலயத்தின் பக்கவாட்டுக் கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் கழுத்துயரம் அடுக்கப்பட்டிருந்தன. கதவும் உட்புறமாகத் திறக்கும் கதவு, அதாவது நூறு பேர் மோதி நின்றால் திறக்கவே முடியாத கதவு. பள்ளிவாசலின் மேல்மாடியிலிருந்து இறங்கும் படிக்கட்டின் அடியில் செருப்பு அலமாரி பாதி வழியை அடைத்திருந்தது. கோயிலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போட்ட இரும்புக் கம்பித் தடுப்புகள் உள்ளே வருபவருக்குத்தான் வழி காட்டின. வெளியே ஓட நினைப்பவருக்கு அது எலிப்பொறி. 2025 செப்டம்பர் 27 அன்று நம் கரூரில் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்ததற்குக் குண்டு எதுவும் தேவைப்படவில்லை. தீயோ, அறுந்து விழுந்த மின்கம்பியோ, யாரோ கிளப்பிய புரளியோ எதுவானாலும் ஓடுகிற கால்களுக்கு வழி ஒன்றுதான். மூன்று தலத்தவரும் அடுத்தவர் வீட்டுக் குறையைப் பார்த்துவிட்டுத் தம் வீட்டுக்கு வந்து அதே குறையைக் கண்டபோது முகத்தில் வந்த அசட்டுச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

வெளியேறிய பிறகு கூடும் இடத்தைப் பற்றி அம்மிணிக்கும் தலைமைப் பயிற்றுநருக்கும் சிறு கருத்து வேறுபாடு வந்தது. பயிற்றுநர் வண்டி நிறுத்துமிடத்தைக் காட்டினார். 1998-இல் ரயில் நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் வாகனங்களில் குண்டு இருந்ததை நினைவில் வைத்திருந்த எங்கள் ஆட்கள், நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே போய்க் கூடுவதா என்று ஆட்சேபித்தார்கள். முடிவில் பள்ளிக்கூட மைதானம் என்று தீர்மானமாயிற்று. பயிற்றுநர் அதை மறுக்காமல் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதற்காக அவருக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். தீயணைப்பான் பயிற்சி பத்தே நிமிடத்தில் முடிந்தது, போதுமானதாகவும் இருந்தது.

இனி, பை. சிவப்பு நிறம், நல்ல தையல், தோளில் மாட்டலாம், இருட்டில் ஒளிரும் பட்டை உண்டு. உள்ளே இருப்பவை பையின் அழகுக்கு ஈடாக இல்லை. டூர்னிகெட்டின் முறுக்குக் குச்சி மெல்லிய பிளாஸ்டிக்; மூன்றாவது முறை பழகியபோதே ஒன்று வளைந்துவிட்டது. அம்மிணி வகுப்பில் பயன்படுத்தியது வேறு, தரமானது. அதை அவர் தம் சொந்தப் பையிலிருந்து எடுத்ததை நான் கவனித்தேன். கத்தரிக்கோல் காடாத் துணியை வெட்டவில்லை. கையுறைகள் எல்லாம் ஒரே அளவு. டார்ச் இருந்தது, பேட்டரி இல்லை. மூன்று பைகளில் ஒன்றில் இருந்த கிருமிநாசினியின் காலாவதித் தேதிக்கு இரண்டு மாதமே பாக்கி. நன்றாக இருந்தவை என்று சொல்வதானால் அகலமான கட்டுத் துணிகள், ஊதல், நேரம் எழுதும் அழியாத பேனா. இதே பொருள்களைக் காந்திபுரத்திலும் மருத்துவமனை ஒட்டிய கடைகளிலும் தனித்தனியாக விசாரித்ததில், தரமான டூர்னிகெட்டையும் சேர்த்து 2,900 ரூபாய்க்குள் அடங்கியது. மீதி 3,600 ரூபாய் சிவப்புத் துணிக்கும் பயத்துக்கும் கொடுத்த விலை.

பையோடு வந்த தமிழ்க் கையேடு ஒரு தனிக் கதை. ஆயுதத்தோடு ஒருவன் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பக்கத்தில் கொட்டை எழுத்தில் "ஓடு, ஒளி, சொல்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவின் மூத்த அப்புச்சி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க, ஓடு சரி, அப்புறம் எதுக்குங்க லைட்டைப் போடச் சொல்றாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையே இல்லை. ஒளிந்துகொள்ளுங்கள் என்று எழுதுவதற்கு இடமில்லாமல் போகவில்லை. எழுதியவர் வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்க்கவில்லை, அவ்வளவே. நாங்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "வழி இருந்தால் ஓடுங்கள், இல்லையென்றால் கதவை அடைத்து, விளக்கை அணைத்து, ஒளிந்துகொள்ளுங்கள், பத்திரமான பிறகு 112-க்குச் சொல்லுங்கள்" என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

பின்சேவை திருப்தி இல்லை. மூன்று மாதத்தில் மறுபடியும் வந்து பார்ப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தது. நான்கு முறை தொலைபேசியில் நினைவூட்டிய பிறகு ஐந்தாம் மாதம் வந்தார்கள். வந்தவர்கள் கதவுகளைப் பார்ப்பதற்கு முன் உலோகச் சோதனை வாசலின் விலைப்பட்டியலை எடுத்து வைத்தார்கள். நாள் முழுக்க ஆளில்லாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும் வாசலால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டேன், பதில் வரவில்லை.

இதே செலவில் இறங்க நினைக்கும் சங்கங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் பாதி இலவசமாகவே கிடைக்கும். தீயணைப்பு மீட்புப் பணித் துறையினர் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத் தொண்டு வாரத்தில் செயல்விளக்கம் காட்டுகிறார்கள். கடிதம் கொடுத்துக் கேட்டால் மற்ற நாள்களிலும் வருவதுண்டு. செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி நடத்துகிறது. கதவைத் திறந்து பார்ப்பதற்கும், நாற்காலியை நகர்த்துவதற்கும், தொலைபேசி எண் ஏட்டைப் புதுப்பிப்பதற்கும் யாருக்கும் கட்டணம் தர வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்து ஏழாவது மாதத்தில், அதே மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. ஓடிப் பிடித்து விளையாடிய பத்து வயதுப் பையன் ஒருவன் கண்ணாடிக் கதவில் மோதி, முன்கை நீளவாக்கில் கிழிந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் மஞ்சள் தூளுக்கும் காப்பித் தூளுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டில் பரிமாறிக்கொண்டிருந்த அந்தப் பள்ளிவாசல் இளைஞர், என் கையை முறுக்கியவர்தான், தோளில் கிடந்த துண்டை மடித்து வைத்து இரண்டு கையாலும் அமுக்கியபடி பையனோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மணமகனின் அப்பா எட்டிப் பார்க்கக் கையை எடுக்கச் சொன்னபோது, "எடுக்க மாட்டனுங்க மாமா, நீங்க 108-க்குப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். சிவப்புப் பையைத் தேடி ஒருவர் தேவாலயத்துக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பின்வாசல் வழியாகத்தான் ஏற்றினார்கள். அந்தப் பூட்டு இப்போது அங்கே இல்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டாயிற்று. பையனுக்கு ஒன்பது தையல்.

நிறுவனத்தை மறுபடியும் அழைப்பீர்களா என்று இரண்டு பக்கத்துத் தெருச் சங்கத்தினர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மதியப் பகுதி மட்டும், அதே செவிலியர், இரண்டு பொம்மைகள், நான்கு வாழைத்தண்டு கூடுதல், பை வேண்டாம் என்று அடுத்த ஆண்டுக்காக நாங்கள் கடிதம் கொடுத்திருக்கிறோம். காலைப் பகுதியை நீக்கினால் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்பதற்கு இதை எழுதும் வரை பதில் வரவில்லை.